கேட்டவன் பட்ட கடன்

மனிதன் அனுபவிக்கும் சந்தோஷங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் அவனே உண்டாக்கிக்கொண்டவை சில, பிறர் உண்டாக்கித் தர அவன் பெற்றுக்கொண்டவை பல என்பது எளிதில் விளங்கும். ஆயினும் உலகத்தின் மரியாதையெல்லாம் உண்டாக்கினவனுக்கே போய்ச் சேருகிறது. பாட்டு இயற்றினவனுக்கு ஒரு பெயர் உண்டு, அதைப் பாடினவனுக்கு ஒரு பெயர் உண்டு. திண்ணையோரத்தில் உட்கார்ந்து கண்ணீர் மல்கக் கேட்டவனைப் பற்றி எந்த ஏட்டிலும் எழுதி வைப்பதில்லை. பாடவும் தெரியாமல், ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்து இரண்டு ஸ்வரம் சுத்தமாக வாசிக்கவும் தெரியாமல், இளமையின் நல்ல இரவுகளை எல்லாம் ஒரு நாகஸ்வர வித்வானின் பின்னால் ஊர் ஊராக அலைந்து கழித்துவிட்ட என்னைப் போன்ற ஒருவனிடம், "இவ்வளவு கேட்டீர்களே, கேட்டு என்ன ஆயிற்று?" என்று வீட்டார் விசாரிக்கும்போது, அவர்கள் குரலில் அன்பும் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பும் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் பரிகாசமாக எடுத்துக்கொண்டதில்லை. பெற்றுக்கொள்வது மட்டுமே தன் பங்காக அமைந்துவிட்ட மனிதன் காலத்தைச் செலவிட்டானா, விரயம் செய்தானா என்பது நிதானமாக யோசிக்கத் தக்க விஷயந்தான்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரத்துக்குப் போகும் ரயில் பாதையில், சேரன்மகாதேவியைத் தாண்டினவுடன் வருவது காருகுறிச்சி. தாமிரபரணிப் பாசனத்தால் செழித்த அவ்வூரை எங்கள் பக்கத்துப் பெண்கள் அதன் மண்பானைகளுக்காக அறிவார்கள். தமிழுலகம் அறிந்ததோ அருணாசலம் என்ற ஒரு மனிதரால். நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்று பெயர் பெற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராக இருந்து, அவருடைய நாயனத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம் பிடித்து வாசித்து, அந்தச் சூரியனின் அருகிலே இருந்தும் கருகிப்போகாமல், தனக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டவர் அவர். குருநாதரின் வாசிப்பிலே ஒரு ராஜ கம்பீரம் இருந்தது. கேட்பவனை அது ஆட்கொண்டது. காருகுறிச்சியாரின் வாசிப்பிலே அந்தக் கம்பீரத்தோடு ஒரு குழைவும் சேர்ந்திருந்தது. அது கேட்பவனைப் பக்கத்திலே உட்கார்த்தி வைத்துப் பேசிற்று. காவிரிக் கரையில் முதிர்ந்த ஒரு கலை பொருநைக் கரைக்கு வந்தபோது, அந்தத் தண்ணீரின் ருசியையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஊர்ப் பற்றினால் சொன்னதாகவே இருக்கட்டும். அதை மறுத்துப் பேச எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

அக்காலத்திலே நாயனம் கேட்பது என்பது டிக்கட் வாங்கி, மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் அமர்ந்து, குறித்த மணிக்கு ஆரம்பித்துக் குறித்த மணிக்கு முடிவதைக் கேட்டு எழுந்து வருவது அன்று. சுவாமி புறப்பாடு எத்தனை மணிக்கு என்பது அர்ச்சகருக்கே நிச்சயமாகத் தெரியாது. அலங்காரம் முடிய வேண்டும், தீபாராதனை ஆக வேண்டும், சீர்பாதந்தாங்கிகள் வந்து சேர வேண்டும். அதுவரை கோபுர வாசலில், பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் இரைச்சலிலே, பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டும் கால்நடையாகவும் வந்த ஜனங்கள், துண்டை விரித்துப் படுத்தும், சுக்குக் காப்பி குடித்தும், போன வருஷம் இதே இடத்தில் அவர் எடுத்த ராகம் கரகரப்பிரியாவா சண்முகப்பிரியாவா என்று தர்க்கம் செய்தும் காத்திருப்பார்கள். கடைசியில் வாகனம் அசைந்து வெளியே வரும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி எழும்பும். சாகித்தியம் இல்லாமல் லயத்தின் கட்டுக்கோப்பையே உடம்பாகக் கொண்ட அந்த உருப்படி, தெய்வத்தின் புறப்பாட்டுக்கென்றே முன்னோர் ஒதுக்கி வைத்தது. அதைக் கேட்டதும், படுத்திருந்தவன் எழுந்துவிடுவான். தூங்கிய குழந்தையைத் தாய் தோளில் போட்டுக்கொள்வாள். இரவு நெடுகிலும் வரப்போகிற சங்கீதத்துக்கு ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும். பிறகு வீதி மூலைகளில் வாகனம் நிற்கும் இடங்களில் ஆலாபனை விரியும். முடிவிலே கோயிலுக்குத் திரும்பி, பள்ளியறைக்கு நேரமாகிவிட்டால் நீலாம்பரி. பொழுதுக்கு ஏற்ற ராகம் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல், தெருப் புழுதியில் நடந்துகொண்டே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

என்னை முதன்முதலில் கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர் என் தாய்மாமன். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: கூட்டத்தின் நடுவில் நிற்கக்கூடாது, வித்வானுடைய விரல் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றதால், கச்சேரி ஆரம்பமாவதற்கு முன் நடக்கும் சிறு சிறு காரியங்களை மிக நெருக்கத்தில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நாயனத்தின் மேல் நுனியில் கயிற்றிலே கட்டித் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, உதட்டின் ஈரத்தில் சற்றே வைத்திருந்து, தனியாக ஊதிப் பார்த்து, திருப்தி இல்லாமல் விட்டு, அடுத்ததை எடுத்து, அதன் வாயை ஊசியால் இலேசாகத் திறந்து, மறுபடி ஊதி, காதைச் சாய்த்து ஒத்தின் சுருதியோடு பொருத்திப் பார்ப்பார். கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்த, கட்டைவிரலின் பாதி அளவுகூட இல்லாத அந்தப் பொருள் சரியாக அமையாவிட்டால், ஆச்சா மரத்தில் கடைந்தெடுத்த இரண்டரை அடி வாத்தியமும், இருபது வருஷ அப்பியாசமும் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்திலே தவில் வித்வான், துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கூடுகளை வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டி, ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துக்கொண்டு, இடக்கையில் பூவரசங்கழியை ஏந்தியிருப்பார். எனக்குப் பொறுமை போய்விடும். "ஏன் மாமா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்பேன். "சும்மா இருல. இப்பந்தான் சீவாளி பாக்காரு. அதையும் பாத்துக்கோ, அதுவும் கச்சேரிதான்" என்பார் மாமா.

அந்த வார்த்தையின் அருமை வயது ஏற ஏறத்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய காரியங்களுக்கு முன்னால் இருக்கிற சிறு ஏற்பாடுகளை மரியாதையோடு பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் பெரிய காரியம் பிடிபடுகிறது. கரகரப்பிரியாவில் ஒரு காந்தாரத்தை அவர் அசைத்து அசைத்து நிறுத்தும்போது, துவாரத்தின் மேல் விரல் எவ்வளவு விலகியிருந்தது, மூச்சின் அழுத்தம் எங்கே தளர்ந்து எங்கே கூடியது என்பதைக் கண்ணால் கண்டவன், அந்த ஸ்வரத்தைக் காதினால் மட்டும் கேட்டவனைக் காட்டிலும் கூடுதலாக ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டான். ஆகாயத்திலிருந்து விழுந்த அற்புதம் என்று அதை அவன் நினைக்க மாட்டான். ஒரு மனிதன், வியர்வை வழிய, கன்னத்து நரம்பு புடைக்க, இந்தக் கணத்தில் இதைச் செய்துகொண்டிருக்கிறான் என்பதை அறிவான். ஆச்சரியம் அதனால் குறைவதில்லை. மனிதனால் இவ்வளவு முடியும் என்ற எண்ணம், தன்னையும் ஒரு மனிதனாக எண்ணிக்கொள்ளும் தைரியத்தைக் கேட்பவனுக்கும் கொடுக்கிறது. மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை வேலைக்கோ வயல் வேலைக்கோ போகும்போது, அந்த வேலையையும் சற்று ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுமானால், கேட்டதற்குப் பலன் உண்டாகிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

நாயனத்தின் விசேஷம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீணையும் புல்லாங்குழலும் அறைக்குள்ளே கேட்கத் தகுந்தவை. அந்த அறைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்க ஒருவர் வாசலில் இருப்பார். நாயனமோ வெட்டவெளிக்குப் பிறந்தது. அதன் நாதம் மதிலைத் தாண்டிப் போவதை எந்தத் தர்மகர்த்தாவாலும் தடுக்க முடியவில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாதையரின் தலைமையில் ஹரிஜனங்கள் உள்ளே நுழைந்ததையும், 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததையும் நாம் சரித்திரமாகப் படிக்கிறோம். அதற்கு முன் எத்தனையோ தலைமுறைகளாக, சந்நிதியைக் கண்ணால் காணாமலே, தூரத்து வயல் வரப்பில் நின்று மல்லாரியைக் காதால் கேட்டு, "சாமி புறப்பட்டாச்சு" என்று கும்பிட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. தேர் போகாத தெருவுக்கும் நாயனம் போயிற்று. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை; தேர் போகாத தெரு என்று ஒன்று இருந்ததே அவமானம். ஆனால் அந்த அவமானத்தின் நடுவிலும் ஒரு கலை தன்னளவில் பேதம் பாராட்டாமல் இருந்தது என்பதை மறப்பதும் நியாயம் ஆகாது.

அந்தக் கலையை வாசித்தவர்களையும் சமூகம் எல்லா இடத்திலும் சமமாக நடத்திவிடவில்லை. சுவாமிக்கு முன்னாலும் சீமான்களுக்கு முன்னாலும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்க வேண்டியவர்களாகவே நாயனக்காரர்களை வைத்திருந்தார்கள். வாய்ப்பாட்டுக்காரருக்கு இருந்த மேடை அவர்களுக்கு இல்லை. ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டு, சட்டையும் கோட்டும் அணிந்துகொண்டு, மேடை போட்டால்தான் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நிமிர்ந்து சொன்னபோது, அகங்காரம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. தோடியை அவர் எடுத்த பிறகு அந்த முணுமுணுப்பு அடங்கிற்று. குருநாதர் சண்டையிட்டு வாங்கிக் கொடுத்த அந்த மேடையில்தான் காருகுறிச்சியார் பிரசன்னமான முகத்தோடு அமர்ந்து வாசித்தார். ரசிகர்களாகிய நாங்கள் கீழே தரையில் உட்கார்ந்து, தலையை உயர்த்தி அவரைப் பார்த்தோம். ஒரு மனிதனுடைய உயரத்தை மனமார ஒப்புக்கொண்டு கீழே அமர்வதிலே ஒரு சுகம் இருக்கிறது. பிறப்பையும் பணத்தையும் பார்த்துத் தலை குனிந்து பழகிய ஜனங்கள், தகுதி ஒன்றையே பார்த்துத் தலை நிமிர்ந்து நோக்கப் பழகின இடங்களில் நாயனக் கச்சேரியும் ஒன்று.

1956-ல் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' என்ற படம் வந்தது. அதிலே எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாயனமும் ஆபேரி ராகத்தில் ஒன்றையொன்று துரத்திச் சென்ற பாட்டு, நாயனம் என்றால் என்னவென்று அறியாதவர்களுடைய வீடுகளுக்குள்ளும் புகுந்து குடியேறிற்று. பட்டி தொட்டிகளிலே ஒலிபெருக்கியில் அதைக் கேட்டபோதெல்லாம், எங்கள் சொத்தை ஊர் முழுவதும் பங்கு போட்டுக்கொண்டதுபோல எனக்கு ஒரு பொறாமையும், உடனேயே அந்தப் பொறாமையைக் குறித்து ஒரு சிரிப்பும் தோன்றும். இரண்டே வருஷத்தில், 1964-ல், இன்னும் பல வருஷங்கள் வாசித்திருக்க வேண்டிய வயதில், அவரும் போய்விட்டார். கோவில்பட்டிப் பக்கத்திலே கரிசல் காட்டு இடைசெவலில் பிறந்து, சங்கீதப் பித்துக் கொண்டு அலைந்து, பிற்பாடு எழுத்தாளர்களாகப் பெயர் பெற்ற கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் போன்றவர்கள் வாழ்ந்த சுற்றுவட்டாரம் வரையில் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அவர் மறைவுக்குத் துக்கம் விசாரிக்க, பந்துக்களைவிடக் கேட்டவர்களே அதிகமாக இருந்திருப்பார்கள்.

இன்று அவருடைய வாசிப்பைக் கேட்க நான் எங்கும் நடந்து போக வேண்டியதில்லை. இசைத்தட்டில் இருந்தவையும், வானொலியில் பதிவானவையும், யாரோ புண்ணியவான்கள் ஒலிநாடாவில் காப்பாற்றி வைத்தவையும், பேரன் கொடுத்த கைபேசிக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கின்றன. பதிவுகளைக் குறை சொல்லும் வழக்கம் பழைய ரசிகர்களிடம் உண்டு. எனக்கு அதிலே சம்மதம் இல்லை. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடி முடிந்துவிடும். மணிக்கணக்காகத் தோடி வாசித்த ராஜரத்தினம் பிள்ளை, அந்தச் சில நிமிஷங்களுக்குள் அதைச் சுருக்கித் தந்திருக்கிறார். அவரை நேரில் கேட்டிராத லட்சக்கணக்கான பேருக்குத் தோடி என்றால் அந்தத் தட்டுத்தான். அது நமக்குக் கிடைத்த பெரிய உபகாரம். ஆனால் பதிவிலே வாசிப்பு இருக்கிறது. வாசிப்பைப் பார்த்துக் கேட்டவன் இல்லை. வீதி மூலையில் அவர் ஒரு சங்கதியை வைத்துவிட்டு ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்ப்பார். விஷயம் தெரிந்த ஒரு கிழவர் தலையை அரை அங்குலம் அசைப்பார். அவ்வளவுதான், அந்தச் சங்கதி இன்னும் இரண்டு கிளை விடும், தவில்காரர் அதைக் கண்டுகொண்டு ஓர் அரை ஆவர்த்தம் மௌனமாக இருந்து இடம் கொடுப்பார், பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து ஓர் இடத்தில் வந்து விழுவார்கள். அந்த மூன்றாவது ஆள் கிழவர். அவர் அன்று சளி பிடித்து வீட்டில் படுத்திருந்தால் அந்தக் கிளைகள் முளைத்திருக்க மாட்டா.

இங்கேதான் என் விசாரணைக்கு விடை தட்டுப்படுகிறது. பெற்றுக்கொள்கிறவன் வெறுங்கையோடு நிற்பவன் என்று நாம் நினைப்பது தவறு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் வட்டத்தொட்டி என்ற சபையைக் கூட்டிவைத்து, கம்பனுடைய பாடல்களைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த டி. கே. சிதம்பரநாத முதலியாருக்குத் தமிழ் நாடு கொடுத்த பட்டம் ரசிகமணி என்பது. வக்கீல் படிப்புப் படித்த அவரை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது, பிறர் இயற்றின கவிதையை அவர் அனுபவித்த விதத்துக்காக. அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களுக்குப் பழைய செய்யுள் புதிதாகப் பிறந்தது. அனுபவிப்பதும் ஒரு தொழில்தான்; அதற்கும் சாதகம் வேண்டும், பொறுமை வேண்டும், தன்னைச் சற்றே ஒதுக்கி வைத்துக்கொள்ளும் அடக்கம் வேண்டும். பழைய மேளங்களில் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருப்பார். வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை வாங்கி, இடைவெளி விழாமல், இரவு முழுவதும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. சுருதிப் பெட்டி வந்து அவருடைய இடத்தை எடுத்துக்கொண்டது. அவருக்குக் கைதட்டினவர் யாரும் இல்லை; ஆனால் அவர் பிடித்திருந்த அந்த ஸ்வரத்தின் மேல் நின்றுதான் பெரியவர்கள் ராகங்களைக் கட்டினார்கள். ரசிகனுடைய ஸ்தானமும் ஏறக்குறைய அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

ரசனையை அப்பியாசம் செய்தவனுக்கு வாழ்க்கையின் மற்றத் துறைகளிலும் ஒரு லாபம் உண்டாகிறது. தன்னைவிட ஒருவன் உயர்ந்தவன் என்று கண்டதும் மனம் சுருங்குவது இயற்கை. விரல் தெரிகிற இடத்தில் நின்று பல இரவுகள் கேட்டவனுக்கு அந்தச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கிவிடுகிறது. அலுவலகத்தில் தன் கீழ் இருந்தவன் தனக்கு மேலே போகும்போதும், பிள்ளை தன்னைவிட நன்றாகப் பேசும்போதும், அவனுக்கு முதலில் எழுவது "பலே" என்ற சொல்லாக இருக்கும். என் சுபாவத்தில் ஏதேனும் நல்லது சேர்ந்திருக்குமானால் அது உபதேசங்களால் வந்ததன்று. ஆபேரியும் கரகரப்பிரியாவும் செய்த வேலை.

கொடுத்தவர் போய்விட்டார், வாங்கினவன் இருக்கிறேன். இந்தக் கடனை யாரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது? படத்துக்கு மாலை போடுவதாலும், "அந்தக் காலம் போல வருமா" என்று பெருமூச்சு விடுவதாலும் அது தீராது. அந்தப் பெருமூச்சு, இன்று வாசிக்கிறவனுடைய காதில் விழும் அவமரியாதை. நரசிங்கம்பேட்டையில் இன்றும் ஆச்சா மரத்தைக் கடைகிறார்கள். 2022-ல் அவ்வூர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நாகஸ்வரத்துக்குக் குறைவு வரவில்லை, வாசிப்பதற்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உட்கார்ந்து கேட்பவர்கள்தான் குறைந்துபோனார்கள். கல்யாண மண்டபத்தில் ஓர் இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு ஆலாபனை செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு எதிரே நாற்காலிகள் நிறைந்திருக்கின்றன, ஒரு காதுகூட அவன் பக்கம் திரும்பவில்லை. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கையை ஆட்டும் அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் அவன் அங்கே இருப்பது எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி, நான் அவன் விரல் தெரிகிற நாற்காலியைத் தேடிப் போய் உட்காருகிறேன். எடுப்பில் அவன் கொஞ்சம் தடுமாறினாலும், கிழவன் ஒருவன் தலையசைப்பதைக் கண்டதும் இன்னும் ஒரு பிடி பிடித்துப் பார்க்கிறான். "சாப்பிட வாருங்கள், முதல் பந்தி ஆகிறது" என்று யாராவது வந்து அழைத்தால், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிடுகிறேன். பந்தியை இரண்டாம் தடவையும் போடுவார்கள். அந்தப் பையன் இப்போது எடுத்திருக்கிற தோடி இரண்டாம் தடவை இப்படியே வராது.